தண்ணீர்த் தொட்டி மேட்டின் ஐந்து நட்சத்திரங்கள்

மாலைத் தேநீர் முடிந்ததும் சின்னையா குளிப்பார். தேய்த்து மடித்த சட்டையை அணிந்து, தலையைப் படிய வாரி, நெற்றியில் திருநீறு பூசி, தம் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போவார். மழை நாளில் மழைச்சட்டைக்குள்ளும் அதே திருநீறு இருக்கும். இந்தக் கோலத்தைப் பார்த்த வெளியூர் விருந்தாளிகள், மேட்டில் என்ன சாமி இருக்கிறது என்று கேட்பதுண்டு. மேட்டில் சாமி இல்லை. லைன் இருந்தது.

கைப்பேசி அலையையும் இணையத்தையும் சேர்த்து நாங்கள் லைன் என்போம். எங்கள் பெல்மோர் தோட்டம் மெர்போக் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே இருக்கிறது. பக்கத்துப் பட்டணமான சுங்கைப் பட்டாணியில் மின்தூக்கிக்குள் நின்றுகொண்டே படம் பார்க்கலாம் என்கிறார்கள். அங்கிருந்து புறப்பட்டுத் தோட்டத்து வளைவுக்கு வந்ததும் கைப்பேசி வாயை மூடிக்கொள்ளும். பிறகு அது கடிகாரமாகவும் டார்ச் விளக்காகவும் மட்டுமே உழைக்கும். தோட்டம் முழுவதிலும் அது வாய் திறக்கும் ஒரே இடம், பழைய தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேடு.

அங்கே யார் எங்கே நிற்பது என்பதற்கு ஒரு முறை இருந்தது. தொட்டியின் இரும்பு ஏணி, முகம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் இருப்பவர்கள் அதில் வரிசையாக ஏறி இறங்குவார்கள். குழாய்த் திருகின் பக்கம் பெண்களுக்கு. நிழலில் இருக்கும் சிமெண்டுக் கட்டை சங்கத் தலைவருக்கு. தோட்டக் குடியிருப்பாளர் சங்கத்துக்கு, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற சின்னையாதான் தலைவர். செயலாளர் என்ற பட்டத்துடன் நாற்காலி அடுக்குபவன் நான்.

கட்டையில் அமர்ந்ததும் அவர் கைப்பேசி நடுங்கி, நாள் முழுவதும் தேங்கிக் கிடந்த செய்திகளை ஒன்றாகக் கொட்டும். அவற்றுள் கிராமத் தொடர்பு ஆணையத்தின் கேள்வியும் அடிக்கடி இருக்கும்: ‘உங்கள் பகுதியின் இணையச் சேவைக்கு எத்தனை நட்சத்திரங்கள் தருவீர்கள்?’ சின்னையா ஐந்தையும் அழுத்துவார்.

அவருடைய மனைவி அழகம்மாவுக்கு இது பொறுக்காது. “பாசார்ல மீனு ஒரு நாள் பழசுன்னா கடைக்காரன் பேர நாறடிக்கிறீங்க. இந்த ஆணையத்துக்காரனுக்கு மட்டும் அள்ளி அள்ளிக் குடுக்குறீங்களே, ஏன்?”

“கவர்மெண்டு நம்மள மதிச்சுக் கேக்குதுலா. ரெண்டு மூணுன்னு குடுத்தா மொகம் கோணாதா?”

“அதுக்கு ஏது மொகம்?”

எங்களில் பலர் ஐந்துதான் கொடுத்து வந்தோம். ஒருமுறை நான் நான்கு கொடுத்துவிட்டு, அவ்வளவு கடுமை காட்டியிருக்க வேண்டாமோ என்று வீடு வரும் வரை வருந்தினேன்.

இப்படி நட்சத்திரங்களும் நாங்களுமாக ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருந்தபோது ஷீலாவுக்கு ஒரு சங்கடம் வந்தது.

ஷீலா எங்கள் தோட்டத்துப் பாலர் பள்ளியின் ஒரே ஆசிரியை. அலோர் ஸ்டாரில் உள்ள ஒரு கல்லூரியில், வேலை பார்த்துக்கொண்டே, மழலையர் கல்வி டிப்ளோமா படித்து வந்தார். கடைசித் தேர்வு ஒன்றுதான் மிச்சம். அவர் தம் வகுப்பறையில் தம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். கல்லூரியார் அதை இணையத்தில் நேரலையாகப் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். வேறிடத்தில் நடத்தினால் செல்லாது. லைன் இல்லாத ஊர்களுக்குத் தேர்வாளர் நேரில் வருவார் என்று விதியில் ஒரு கருணை இருந்தது. ஆனால் அங்கே லைன் இல்லை என்பதை ஆணையம் உறுதிசெய்ய வேண்டும். ஆண்டு முடிவதற்குள் டிப்ளோமா வராவிட்டால் ஷீலா அந்தப் பள்ளியில் ஆசிரியையாக இருக்க முடியாது. வேறு ஆசிரியை இங்கே வரப்போவதில்லை. பள்ளி மூடப்படும்; பிள்ளைகள் வீட்டில் பூட்டப்படுவார்கள் அல்லது செம்பனைக் காட்டுக்குத் தாய்மாரோடு போவார்கள்.

“மாமா, நீங்கதான் தலைவரு,” என்று ஷீலா சின்னையாவிடம் வந்தார். “ஆணையத்துல ஒரு வார்த்த சொல்லுங்க. இங்க லைன் இல்லன்னு அவுங்க சொல்லிட்டா போதும், காலேஜ்லேருந்து நேர்ல வந்து பாத்துருவாங்க.”

“இது என்னலா பெரிய விசயம்? இல்லாதத இல்லன்னு சொல்றதுக்கு என்ன கஷ்டம்?”

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆயினும் அதற்கு விடை காண்பதற்கே அந்த ஆண்டின் பெரும்பகுதி செலவாயிற்று.

ஆணையத்தில் புகார் செய்ய ‘உங்கள் குரல்’ என்று ஒரு செயலி இருந்தது. சின்னையா மேட்டுக்குப் போய், கட்டையில் அமர்ந்து, பெல்மோர் தோட்டத்தில் லைன் இல்லை என்று பணிவான சொற்களில் எழுதி அனுப்பினார். மறுமொழி உடனே வந்தது. ‘அன்புடையீர், நீங்கள் புகார் அளித்த இடத்தில் அலை வலிமை மிகச் சிறப்பாக உள்ளது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. உங்கள் மகிழ்ச்சியில் நாங்களும் பங்கு கொள்கிறோம்.’

ஷீலாவும் எழுதினார்; தீர்க்கப்பட்டது. நான் இலக்கணப் பிழையின்றி விரிவாக எழுதினேன். என்னுடையது இன்னும் விரைவாகத் தீர்க்கப்பட்டது. ஏணியில் நின்றவர்களும் திருகின் அருகில் நின்றவர்களும் சேர்ந்து எழுதினார்கள். விளைவாக, புகார்கள் மிக விரைவாகத் தீர்க்கப்படும் ஊர் என்று ஆணையத்தின் கணக்கில் எங்கள் தோட்டம் உயர்ந்துகொண்டே போயிற்று.

எனவே சின்னையாவும் நானும் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் வட்டார அலுவலகத்துக்கு நேரில் போனோம். குளிரூட்டிய கூடம். முகப்பில் செரீனா என்று பெயர் அணிந்த இளம்பெண் இருந்தார்.

“அங்கிள், கம்ப்ளேன் எல்லாம் செயலியிலதான். கவுண்டர்ல எடுக்க மாட்டோம்.”

“செயலியில போட்டா லைன் நல்லா இருக்குன்னு வருதும்மா.”

“அப்ப நல்லாத்தானே இருக்கு.”

“அது மேட்டுல. வீட்டுல இல்ல.”

“அப்ப வீட்டுலேருந்து போடுங்க.”

“வீட்டுல லைன் இல்லையேம்மா.”

செரீனா பொறுமையான பெண். எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். “எங்க லைன் இல்லையோ அங்கேருந்து அனுப்புனாத்தான் அங்க லைன் இல்லன்னு எங்களுக்குத் தெரியும் அங்கிள். வேற எங்கேருந்து அனுப்புனாலும் சிஸ்டம் நம்பாது.”

சின்னையா சற்று யோசித்தார். “அங்கேருந்து அனுப்ப முடிஞ்சா லைன் இருக்குன்னு அர்த்தம்.”

“ஆமா.”

“அனுப்ப முடியலன்னா?”

“கம்ப்ளேன் இல்லன்னு அர்த்தம்.”

அவர் என்னைப் பார்த்தார். இதில் எங்கேயோ ஒரு பிழை இருப்பதாக எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் சொன்ன முறை அத்தனை தெளிவாக இருந்ததால், பிழை எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று நாங்கள் இருவரும் தலையாட்டினோம்.

அப்போது உள்ளறையிலிருந்து வட்டார இயக்குநர் புவனேசன் வெளியே வந்தார். வீட்டிலும் மேடைத் தமிழிலேயே பேசுபவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். எங்களை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார்.

“ஐயா, மக்களின் குறையைக் கேட்பதற்கே இந்த ஆணையம் பிறந்தது. ஆனால் எதையும் முறைப்படி செய்ய வேண்டும். முதற்கட்டமாக, குறை இல்லாத ஊர்களில் குறை கேட்டு வருகிறோம். அங்கே எங்களுக்கு நல்ல ஒத்துழைப்புக் கிடைக்கிறது. அந்த அனுபவம் கைவந்த பிறகு மற்ற ஊர்களுக்குச் செல்வோம். தாங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்காக அளவைக் குழு ஒன்றைத் தங்கள் தோட்டத்துக்கு அனுப்பி வைக்கிறேன். நானே வருகிறேன்.”

வந்தார். ஒரு வேனில், இளநீர்க் காய் அளவுள்ள ஒரு கருவியோடும் அதைத் தூக்க இரண்டு பேரோடும் வந்தார். முதலில் பாலர் பள்ளி வாசலில் கருவியை வைத்தார்கள். அளக்கத் தொடங்குமுன் அது கோலாலம்பூரில் உள்ள தலைமையகத்தோடு இணைய வேண்டுமாம். பிள்ளைகள் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். கருவியில் ஒரு சிவப்பு விளக்கு சுற்றிச் சுற்றி வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

“இங்கே கருவி இயங்கவில்லை,” என்றார் புவனேசன். “இயங்காத இடத்தில் அளந்ததாகக் கணக்கு எழுதுவது நேர்மையாகாது. வேறிடம் பார்ப்போம்.”

“சார், இயங்கலன்னா லைன் இல்லன்னுதானே சார் அர்த்தம்?” என்று ஷீலா கேட்டார்.

“அம்மா, அது தங்களுடைய ஊகம். அளவையின்றி ஆணையம் எதையும் சொல்லாது.”

கருவி கோயில் திடலுக்குப் போயிற்று, இயங்கவில்லை. தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் முன்னே போயிற்று, இயங்கவில்லை. வெயில் ஏறியது. அவர்களுடைய வாட்டத்தைக் காணச் சகியாமல், வழி காட்டியவர்கள் நாங்களே. மேட்டில் கொண்டுபோய், தலைவரின் சிமெண்டுக் கட்டையைத் துடைத்துக் கொடுத்தோம். கருவி பச்சையாக மின்னி, மணி அடித்தது. நாங்கள் கைதட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நெடுநேரம் மக்கர் செய்த ஒன்று சட்டென்று இயங்கினால் கை தானாகத் தட்டிவிடுகிறது.

“மிகச் சிறப்பு,” என்றார் இயக்குநர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

ஷீலா மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார். “சார், எனக்குப் பள்ளிக்கூடத்துலதான் லைன் வேணும். பிள்ளைங்க அங்கதான் இருக்காங்க.”

“அம்மா, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் லைன் இல்லை என்பது ஒரு பார்வை. லைன் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் இல்லை என்பது மற்றொரு பார்வை. ஆணையம் எப்போதும் நம்பிக்கையூட்டும் பார்வையையே மேற்கொள்கிறது.”

இரண்டு வாரம் கழித்து அறிவிப்பு வந்தது. நட்சத்திரங்களையும் தீர்ந்த புகார்களையும் கருவியின் மணியையும் கூட்டிப் பார்த்ததில், வட்டாரத்தின் ‘முன்மாதிரி இணையத் தோட்டம்’ என்னும் விருது பெல்மோருக்குக் கிடைத்திருந்தது. விழா தோட்டத்துத் திடலிலேயே நடைபெறும். தலைவர் ஏற்புரை ஆற்றுவார்.

ஷீலா ஓடி வந்தார். “மாமா, இந்த விருத வாங்குனீங்கன்னா என் கத அவ்ளோதான். வேணாம்னு சொல்லிருங்க.”

“அவசரப்படாதலா. யோசிச்சுப் பாரு. பெரியவங்கல்லாம் வராங்க. மேடையில மைக்க கையில குடுக்குறாங்க. நாலு பேரு முன்னாடி சொன்னா அவுங்களால தட்ட முடியாது. அங்கயே போட்டு ஒடைக்கிறேன்.”

“ஒரே ஒரு வாக்கியம் மாமா. எங்க தோட்டத்துல லைன் இல்ல. அது போதும்.”

“சத்தியமா சொல்றேன், போ.”

ஏற்புரையை எழுதிக் கொடுத்தவன் நான். முதல் தாளில் நன்றி. இரண்டாம் தாளில் குறை. நன்றியை முதலில் வைப்பதே பண்பு என்று அவருக்கு அறிவுரையும் சொன்னேன்.

விழாவன்று விடியற்காலையில் பெரிய லாரி ஒன்று வந்து திடலின் ஓரம் நின்றது. அதன் முதுகிலிருந்து ஒரு கோபுரம் மடக்கு மடக்காக எழுந்தது. விழாவைத் தலைமையகத்துக்கு நேரலையாக அனுப்ப வேண்டும் அல்லவா. அதற்காக லைனை லாரியிலேயே கொண்டு வந்திருந்தார்கள். கோபுரம் நிமிர்ந்ததும் தோட்டத்தின் கைப்பேசிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தின. அழகம்மா அடுப்பங்கரையில் நின்றுகொண்டே ஜொகூரில் இருக்கும் மகளின் முகத்தைப் பார்த்தார். கிழவர்கள் படுக்கையில் கிடந்தபடி படம் பார்த்தார்கள். கோழிக்குத் தீனி வைக்க ஆளில்லை. ‘இன்றைய சேவைக்கு எத்தனை நட்சத்திரங்கள்?’ என்ற கேள்வியும் தவறாமல் வந்தது. எல்லாரும் ஐந்து கொடுத்தோம். உண்மையைத்தான் கொடுத்தோம். லாரி நிற்கும் வரையில் செல்லுகிற உண்மை அது.

வரவேற்புரை என்னுடையது. நேரடியாகக் குத்துவது விருந்தோம்பல் ஆகாது என்பதால் ஒரு கதை சொன்னேன். காட்டில் நொண்டி மான்கள் உண்டா என்று அறிய விரும்பிய சிங்கம், நொண்டி மான்கள் எல்லாம் மலையுச்சியில் இருக்கும் தன் குகைக்கு ஓடி வந்து முறையிடலாம் என்று பறையறைவித்தது. பொழுது சாயும் வரை காத்திருந்தது. வந்து சேர்ந்த மான்கள் யாவும் நன்றாக ஓடின. தன் காட்டில் நொண்டி மானே இல்லை என்று மகிழ்ந்த சிங்கம், அன்றிரவு இறங்கிப் போய், மலையடிவாரத்தில் விழுந்து கிடந்தவற்றைத் தின்று பசியாறியது.

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் புவனேசன். என் கையைப் பற்றிக் குலுக்கி, தலைமைத்துவத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை என்றும், ஆணையத்தின் ஆண்டிதழில் அட்டைக்கு அடுத்த பக்கத்திலேயே அதை வெளியிட விரும்புவதாகவும் சொன்னார். கதை சொல்லி மனிதரைத் திருத்தலாம் என்று நம்பி ஒரு வாழ்நாளைப் பள்ளியில் கழித்தவன் நான். அவரிடம், ‘மகிழ்ச்சி’ என்று சொன்னேன்.

பிறகு இயக்குநர் பேசினார். “பட்டணத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே இடைவெளி உண்டு என்கிறார்கள். நான் மறுக்கிறேன். பட்டணத்து மனிதன் இணையத்தைத் தேடுவதில்லை, சோம்பிக் கிடக்கிறான். தோட்டத்து மனிதனோ நாள்தோறும் குன்றேறி அதைத் தேடுகிறான். இந்த உடற்பயிற்சியை அவனிடமிருந்து பறிக்க ஆணையத்துக்கு மனம் வருமா? ஒவ்வொரு வீட்டுக்கும் இணையம் வந்துவிட்டால், மேட்டில் கூடிப் பேசும் இந்த ஒற்றுமை என்னாவது?”

நாங்கள் கைதட்டினோம். எங்கள் ஒற்றுமையை அதுவரை யாரும் மேடையில் பாராட்டியதில்லை.

சின்னையாவை அழைத்தார்கள். அவருக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், கையில் பளிங்குக் கேடயத்தைக் கொடுத்தார்கள். ஐம்பது ஆண்டுகள் செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவே நடந்த மனிதருக்கு அதுவரை யாரும் பொன்னாடை போர்த்தியதில்லை. அவர் ஒலிவாங்கியின் முன் நின்று முதல் தாளைப் படித்தார். இயக்குநருக்கு நன்றி, லாரிக்கு நன்றி, கருவியைத் தூக்கிய இருவருக்கும் நன்றி. கைதட்டல் எழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒளிப்படக்காரர் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, எந்தத் தாளிலும் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

“எங்க தோட்டத்துல லைன் தண்ணியா ஓடுதுங்க.”

இரண்டாம் தாள் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. நடனமாடக் காத்திருந்த பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி ஷீலா மேடையோரத்தில் நின்றிருந்தார். பிள்ளைகள் ஆடி முடித்த பிறகு அவர் உணவுக்கு நிற்காமல் வீட்டுக்குப் போனார். உணவு முடிந்ததும் லாரி தன் கோபுரத்தை மடக்கிக்கொண்டு புறப்பட்டது. அது வளைவைத் தாண்டுகையில், மகளோடு பேசிக்கொண்டிருந்த அழகம்மாவின் கைப்பேசியில் மகளின் முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிட்டது.

ஷீலாவின் விண்ணப்பத்துக்குக் கல்லூரியிலிருந்து மறுப்பு வந்தது. ‘தங்கள் தோட்டம் முன்மாதிரி இணையத் தோட்டம் என ஆணையம் தெரிவித்துள்ளது. தங்கள் சமூகத் தலைவரின் காணொளி சான்றாக இணைக்கப்பட்டுள்ளது.’ வேறு வழியின்றி அவர் பிள்ளைகளை மேட்டுக்கு அழைத்துப் போய்ப் பாடம் நடத்திப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியை வகுப்பறையாக ஏற்க இயலாது என்று கல்லூரியார் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மேட்டிலிருந்து பிள்ளைகளோடு இறங்கியவர், வழியில் சின்னையாவின் வீட்டு முன் நின்றார். “ஒரே ஒரு வாக்கியந்தான் மாமா கேட்டேன்,” என்றார். அதன் பிறகு அவரோடு பேசுவதை விட்டுவிட்டார்.

சின்னையா சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பதாக அழகம்மா என்னிடம் வந்து சொன்னார். “நீங்க எழுதிக் குடுத்த பேச்சுதானே வாத்தியாரே? நீங்களே வந்து என்னான்னு கேளுங்க.”

நான் போய்க் கேட்கும் முன்பே அவர் கேடயத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். அவரை என் காரில் ஏற்றிக்கொண்டேன். மீண்டும் சுங்கைப் பட்டாணி, மீண்டும் செரீனா.

“விருத திருப்பிக் குடுக்கணும்மா.”

“அங்கிள், விருது குடுக்கத்தான் சிஸ்டத்துல எடம் இருக்கு. திருப்பி வாங்க எடம் இல்ல.”

“அப்ப நான் போட்ட நட்சத்திரத்தயாவது கொறச்சிக்குங்க.”

“ஏத்தலாம் அங்கிள். எறக்க முடியாது.”

சத்தம் கேட்டு வந்த புவனேசன், விவரம் அறிந்ததும் உருகிவிட்டார். “இப்படியொரு தன்னடக்கத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. விருதைத் திருப்பித் தர வந்த தலைவர். இதை நாம் விட்டுவிடக் கூடாது,” என்று சின்னையாவின் தோளில் கைபோட்டு ஒளிப்படம் எடுக்கச் செய்தார். அடுத்த ஆண்டு ‘பணிவுச் செம்மல்’ என்னும் புதிய விருதை ஏற்படுத்தி, அதன் முதல் பெயராக அவருடையதைப் பரிந்துரைக்கப் போவதாகவும் சொன்னார்.

வெளியே வந்த சின்னையா படியில் உட்கார்ந்து கேடயத்தை மறுபடியும் துண்டில் சுற்றினார். பிறகு, “வாத்தியாரே, ஒங்க காடி அலோர் ஸ்டார் வரைக்கும் தாங்குமா?” என்று கேட்டார்.

மறுநாளே போனோம்; தாங்கியது. பின்னிருக்கையில் ஷீலா வந்தார். அவரை எங்களோடு அனுப்பி வைத்தது அழகம்மாவின் பிடிவாதம். வழி நெடுக மூவரும் வயல்களைப் பார்த்துக்கொண்டு போனோம்.

கல்லூரியில் தேர்வுத் துறைக்குத் தலைவி பிரேமாவதி என்பவர். கண்டிப்பான முகம், ஆனால் நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, அந்தக் காணொளியை ஓடவிட்டார். மாலையும் பொன்னாடையுமாக ஒருவர் சிரித்துக்கொண்டு, லைன் தண்ணியா ஓடுதுங்க என்றார்.

“இவர் உங்க தோட்டத்துத் தலைவர். இவரே சொல்றாரே. இத விட்டுட்டு நான் எத நம்புறது?”

“அவரு சொல்றது பொய்ம்மா,” என்றார் சின்னையா.

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“அந்த ஆள எனக்கு நல்லாத் தெரியும். ஒரு சால்வையப் போத்திவிட்டா எத வேணும்னாலும் சொல்லுவாரு.”

பிரேமாவதி திரையைப் பார்த்தார்; எதிரே நின்றவரைப் பார்த்தார்; மறுபடியும் திரையைப் பார்த்தார். சின்னையா அன்று தலை வாரியிருக்கவில்லை. அடையாளம் புரிவதற்குச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் சிரிக்கவில்லை, காணொளியை நிறுத்தினார்.

“ஐயா, ஆணையம் காட்டுற சான்று உங்க பேச்சுதான்; அத நீங்களே மறுத்தா எனக்குப் போதும். ஆனா நீங்க சொல்றத நான் எழுதிக்கிட்டா அது ஆணையத்துக்கும் போகும். உங்க விருது போயிரும். பேப்பர்ல வந்தாலும் வரும். ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க.”

“ஊரும் சேந்துதாம்மா கை தட்டுச்சு,” என்று அவர் என் பக்கம் பார்த்தார். நான் கூரையில் சுழன்ற மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அவர் ஷீலாவின் பக்கம் திரும்பினார். “நீ கேட்டத அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா. ஒங்கிட்ட சத்தியம் பண்ணிட்டு நாலு பேரு முன்னாடி அத விட்டுட்டேன். இப்ப சொல்றேன்.” பிரேமாவதியிடம், “எழுதிக்குங்கம்மா. பெல்மோர் தோட்டத்துல லைன் இல்ல. பாலர் பள்ளியில இல்ல. லயத்துல இல்ல. என் வீட்டுலயும் இல்ல. இந்தப் புள்ள மொதல்லேருந்து உண்மையத்தான் சொல்லுச்சு,” என்றார்.

பிரேமாவதி எழுதினார். அடுத்த வாரம் தாமே தோட்டத்துக்கு வந்து ஷீலாவின் வகுப்பைப் பார்ப்பதாகச் சொல்லி, தாளைக் கையெழுத்துக்காக நீட்டினார். ஷீலா எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்துச் சின்னையாவின் பின்னால் போட்டார்.

“ஒக்காருங்க மாமா. எவ்ளோ நேரம் நிப்பீங்க?”

அவர் உட்காரவில்லை. தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். ‘தலைவர் தவறுதலாகக் கூறிவிட்டார்’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“தவறுதலா சொல்லலம்மா. பொய் சொன்னாரு. அதயே போடுங்க.”

பிரேமாவதி அந்தச் சொல்லை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். சின்னையா அதை இன்னொரு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். அதன் பிறகே உட்கார்ந்தார்.